3ஆம் இடத்துக்கு மூன்று முதல் ரவுண்டு பிக்: ட்ரே லான்ஸ் விஷயத்தில் நைனர்ஸ் பிசகியது எங்கே?

நாலாவது டவுன் (கேள்வி)

வணக்கம். அமெரிக்கக் கால்பந்து லீக்கான என்.எஃப்.எல்.லில் நிரூபணமாகாத இளம் குவார்ட்டர்பேக்கை (பந்தை எறிந்து ஆட்டத்தை நடத்துபவர்) நம்பி அணிகள் வைத்த பந்தயங்களை வரிசையாகப் பார்த்துக்கொண்டு வருகிறேன். மூன்று கணக்குகள் ஒன்றோடொன்று இடிக்கின்றன. (புதுமுக வீரர்களை அணிகள் முறைவைத்து ரவுண்டு ரவுண்டாக எடுப்பது டிராஃப்ட். ஒரு முறைக்குப் பெயர் பிக். பிக்குகளைக் கொடுத்து முன்னிடத்துக்கு ஏறலாம்.)

2017: கேன்சஸ் சிட்டி 27ஆம் இடத்திலிருந்து 10ஆம் இடத்துக்கு ஏறி பேட்ரிக் மஹோம்ஸை எடுத்தது. அலெக்ஸ் ஸ்மித்துக்குப் பின்னால் ஓராண்டு பெஞ்ச். 2018இல் 50 டச்டவுன் (எல்லைக்கோட்டைத் தாண்டி எடுக்கும் ஸ்கோர்) பாஸ், எம்.வி.பி. (ஆண்டின் சிறந்த வீரர்).

2020: கிரீன் பே 30இலிருந்து 26க்கு ஏறி ஜோர்டன் லவ்வை எடுத்தது. ஆரோன் ராட்ஜர்ஸுக்குப் பின்னால் மூன்று ஆண்டு பெஞ்ச். 2023இல் 32 டச்டவுன், பிளேஆஃபில் டாலஸை அதன் சொந்த மைதானத்திலேயே 48-32 என்று சாய்த்தார்.

2021: சான் ஃபிரான்சிஸ்கோ (நைனர்ஸ்) 12இலிருந்து 3க்கு ஏறி ட்ரே லான்ஸை எடுத்தது. ஜிம்மி கராப்பலோவுக்குப் பின்னால் ஓராண்டு பெஞ்ச். மொத்தம் நாலே ஸ்டார்ட் (முதல் ஆளாக இறங்கிய ஆட்டம்). 2023 ஆகஸ்ட்டில் ஒரு நாலாவது ரவுண்டு பிக்குக்கு டாலஸுக்குக் கைமாற்றிவிட்டார்கள்.

மூவரும் பெஞ்சில் காத்திருந்தவர்கள்தான். அப்படியிருக்க லான்ஸ் மட்டும் ஏன் கரையேறவில்லை? விலை அதிகமா, ஆள் தேர்வு தப்பா, காயம்தானா? "காயம், அவ்வளவுதான்" என்ற பதிலை எல்லா இடத்திலும் பார்த்துவிட்டேன். அதற்கு மேல் விவரம் தெரிந்தவர்கள் எழுதினால் நன்று.

கேப் கணக்கன்

விலையை முதலில் முடித்துவிடலாம். அது சுலபம்.

2021 மார்ச் 26 அன்று மயாமிக்கு நைனர்ஸ் கொடுத்தது: அந்த ஆண்டின் 12ஆம் பிக், 2022, 2023 முதல் ரவுண்டு பிக்குகள், 2022இன் ஒரு மூன்றாம் ரவுண்டு பிக். வாங்கியது 3ஆம் பிக் மட்டும்.

டாலஸ் பயிற்சியாளர் ஜிம்மி ஜான்சன் காலத்துப் பழைய புள்ளி அட்டவணையில் (ஒவ்வொரு பிக்குக்கும் ஒரு மதிப்பு) வைத்துப் பாருங்கள். 3ஆம் இடம் 2,200. 12ஆம் இடம் 1,200. கொடுத்த இரண்டு முதல் ரவுண்டுகளும் கடைசியில் 29ஆம் இடத்தில் விழுந்தன, ஒவ்வொன்றும் 640. மூன்றாம் ரவுண்டு பிக் 102ஆம் இடம், 92 புள்ளி. கூட்டினால் 2,572. அதாவது 372 புள்ளி அதிகம்.

மஹோம்ஸுக்கு கேன்சஸ் சிட்டி கொடுத்தது 27ஆம் பிக் 680, 91ஆம் பிக் 136, அடுத்த ஆண்டின் முதல் ரவுண்டு 22ஆம் இடத்தில் விழுந்ததால் 780. மொத்தம் 1,596. கிடைத்த 10ஆம் இடத்தின் மதிப்பு 1,300. அங்கேயும் 296 புள்ளி அதிகம்தான்.

ஆக இரண்டு அணிகளும் பட்டியல் விலைக்கு மேல் ஏறக்குறைய ஒரே அளவுதான் கூடுதலாகக் கொடுத்தன. குவார்ட்டர்பேக்குக்காக ஏறும் எந்த அணியும் கொடுக்கிற கூடுதல் அது. (அடுத்த ஆண்டு பிக்கை ஒரு ரவுண்டு கீழே இறக்கி மதிப்பிடுவது வழக்கம். அப்படிப் போட்டால் இரண்டு அணிகளுமே மலிவாக வாங்கியது போலத் தெரியும். அதனால்தான் முகமதிப்பையே எடுத்தேன்.) விலையால் கெட்டது என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

மனம் புண்பட வேண்டுமென்றால் வேறொன்று இருக்கிறது. அந்த 12ஆம் பிக் மயாமியிடமிருந்து ஃபிலடெல்ஃபியாவுக்கும், அங்கிருந்து டாலஸுக்கும் போனது. அதில் டாலஸ் எடுத்தது மைக்கா பார்சன்ஸை.

ஒன்று மட்டும் குறித்துக்கொள்ளுங்கள். 2011க்குப் பிறகு புதுமுகச் சம்பளம் டிராஃப்ட் இடத்தை வைத்து ஏறக்குறைய நிர்ணயமாகிவிடுகிறது. லான்ஸுக்கு நாலாண்டுக்குச் சுமார் 3.41 கோடி டாலர், முழு உத்தரவாதத்தோடு. கராப்பலோவின் 2021 கேப் (அணி சம்பளத்துக்குச் செலவழிக்கக்கூடிய உச்சவரம்பு) சுமை மட்டுமே சுமார் 2.6 கோடி. அந்த ஆண்டு கொரோனாவால் கேப் 19.82 கோடியிலிருந்து 18.25 கோடிக்கு இறங்கியிருந்தது. இளம் குவார்ட்டர்பேக்கை எடுப்பதன் லாபமே அந்த மலிவான நாலு ஆண்டில் மற்ற இடங்களுக்குச் செலவழிப்பதுதான். பெஞ்சில் உட்கார வைக்கிற ஒவ்வோர் ஆண்டும் அதில் கால் பங்கு போகிறது.

பின்கால் ஊன்றி

விலையைப் பற்றிக் கேப் கணக்கன் சொன்னது சரி. ஆனால் "மூவரும் பெஞ்சில் காத்திருந்தவர்கள்" என்று கேள்வியில் இருக்கிறதே, கோளாறு அங்கேதான். மூன்று பெஞ்சும் ஒன்றல்ல. மூன்று பேரும் உட்கார வரும்போது கையில் கொண்டுவந்ததும் ஒன்றல்ல.

கல்லூரியில் எறிந்த பந்துகளின் எண்ணிக்கை: மஹோம்ஸ் டெக்சஸ் டெக்கில் 1,300க்கு மேல். லவ் யூட்டா ஸ்டேட்டில் 1,100க்கு மேல். லான்ஸ் நார்த் டகோட்டா ஸ்டேட்டில் 318. மொத்தம் 17 ஸ்டார்ட். அதில் 16 ஒரே சீசன், 2019. அந்த சீசனில் 28 டச்டவுன், ஓர் இன்டர்செப்ஷன்கூட (எதிரணி பிடித்த எறிதல்) இல்லை, 16 ஆட்டமும் வெற்றி, ஓட்டத்தில் மட்டும் 1,100 யார்ட். 2020இல் கொரோனாவால் எஃப்.சி.எஸ். (கல்லூரிக் கால்பந்தின் இரண்டாம் தட்டு) சீசன் வசந்த காலத்துக்குத் தள்ளிப்போனதால் அவருக்கென்று ஒரே ஓர் ஆட்டம். அதாவது 2021இல் என்.எஃப்.எல். வரும்போது கடந்த ஒன்றரை ஆண்டில் அவர் ஆடியது ஓர் ஆட்டம்.

தேர்வு முட்டாள்தனம் என்று சொல்ல வரவில்லை. நார்த் டகோட்டா ஸ்டேட் சென்டருக்கு (பந்தை எடுத்துக்கொடுப்பவர்) ஒட்டிப் பின்னால் நின்று பந்தை வாங்கி, ஓட்டம் காட்டி ஏமாற்றி எறிகிற அணி. நைனர்ஸ் பயிற்சியாளர் கைல் ஷானஹனின் ஆட்டமும் வெளித்தோற்றத்தில் அதே சாயல். ஸ்னாப்புக்கு (பந்து ஆட்டத்துக்கு வரும் நொடி) முன் லைனின் (குவார்ட்டர்பேக்கைக் காக்கும் முன்வரிசை) பாதுகாப்பை மாற்றிச் சொல்கிற வேலையும் லான்ஸ் செய்தவர். காகிதத்தில் பொருந்துகிறது. ஆனால் எஃப்.சி.எஸ். மட்டத்தில் அந்த ஏமாற்றுக்குப் பிறகு ரிசீவர் (எறிந்ததைப் பிடிப்பவர்) இரண்டு மூன்று யார்ட் தனியாக நிற்பார். ஷானஹன் ஆட்டத்தில் குவார்ட்டர்பேக் தற்காப்புக்கு முதுகைக் காட்டி, திரும்பி, முகத்தை உயர்த்தும்போது பந்து ஏறக்குறைய கிளம்பியிருக்க வேண்டும். ஐந்து காலடி பின்வாங்கி, பின்கால் ஊன்றுகிற நொடியில் முதல் ரிசீவர் திரும்புகிறார். கால் ஊன்றிய பிறகு "திறந்திருக்கிறாரா" என்று பார்த்தால் தாமதம். இதைப் பாடமாகச் சொல்லித்தர முடியாது. எறிந்து எறிந்துதான் காலுக்குப் பழக்க வேண்டும்.

இப்போது பெஞ்ச் என்றால் என்ன என்று பார்ப்போம். சீசன் வாரத்தில் புதன்கிழமை முதலாவது, இரண்டாவது டவுன் (10 யார்ட் முன்னேறக் கிடைக்கும் நாலு முயற்சிகளில் ஒன்று) திட்டம். வியாழன் மூன்றாவது டவுன். வெள்ளி கோல் லைன் பக்கத்து ஆட்டம். முதல் அணியோடு ஓடும் பயிற்சி முறைகள் ஏறக்குறைய முழுவதும் ஸ்டார்ட்டருக்கே போகும். முழுக் கவசத்தோடு பயிற்சி சீசன் முழுவதற்குமே 14 நாள்தான் அனுமதி. பேக்கப் (மாற்று ஆள்) என்ன செய்வார்? ஸ்கௌட் டீமை நடத்துவார். எதிரணியின் ஆட்டத்தை அட்டையில் வரைந்து பயிற்சியாளர் காட்டுவார். பேக்கப் அதைப் பார்த்து அட்டையில் எந்த ரிசீவருக்கு வட்டம் போட்டிருக்கிறதோ அவருக்கு எறிவார். கண்ணுக்கு எதிரே தற்காப்பு என்ன செய்கிறது என்பது பொருட்டே அல்ல. தன் அணியின் சொற்களும் இல்லை, தன் ரிசீவர்களும் இல்லை, படித்து முடிவெடுக்கிற வேலையும் இல்லை. 1,300 பந்து எறிந்துவிட்டு வந்தவருக்கு அந்த ஓராண்டு கூட்டத்தில் உட்கார்ந்து கற்கும் ஆண்டு. 318 எறிந்தவருக்கு அது இன்னொரு பட்டினி ஆண்டு. போதாக்குறைக்கு 2021 சீசனுக்கு முந்தைய ஆட்டத்தில் எறியும் கையின் ஆள்காட்டி விரலில் எலும்புச் சில்லு பெயர்ந்தது. பந்தைப் பிடிக்கும் முறையே மாறிப்போனது.

அடுத்தது, அணியின் நிலை. நைனர்ஸ் 2020 பிப்ரவரியில் சூப்பர் பௌல் (லீக்கின் இறுதி ஆட்டம்) ஆடிய அணி. 2021 சீசனில் மறுபடி என்.எஃப்.சி. (லீக்கின் ஒரு பாதி) இறுதிவரை போய் ராம்ஸிடம் 20-17 தோற்றார்கள். இந்த வருடமே கோப்பை வேண்டும் என்று நிற்கிற அணிக்கு, கற்றுக்கொள்கிறவர் தோற்கிற ஆட்டங்களைத் தாங்க இடமில்லை. கற்கவேண்டியவரோ தோற்காமல் கற்க முடியாத நிலையில் இருந்தார். ஆற்றில் ஒரு கால், சேற்றில் ஒரு கால்.

கிரீன் பேயைப் பாருங்கள். 2023இல் லவ் ஸ்டார்ட்டரானதும் அணி முதல் ஒன்பது ஆட்டத்தில் 3-6. லவ் 14 டச்டவுன், 10 இன்டர்செப்ஷன். யாரும் அவரை வெளியே உட்கார வைக்கவில்லை, ஏனென்றால் அது லீக்கிலேயே மிக இளைய அணி, ரிசீவர்கள் எல்லாம் முதல், இரண்டாம் ஆண்டுப் பிள்ளைகள். அடுத்த எட்டு ஆட்டத்தில் 18 டச்டவுன், 1 இன்டர்செப்ஷன். அந்த முதல் ஒன்பது ஆட்டத்தைத்தான் நைனர்ஸால் லான்ஸுக்குக் கொடுக்க முடியவில்லை. கொடுக்க முடியாது என்பது 2021 மார்ச்சிலேயே தெரிந்திருக்க வேண்டியது.

மழை நாள் ஆட்டம்

மேலே எழுதியதில் பாதியை ஒத்துக்கிறேன், பாதியை இல்லை. 2022இல் லான்ஸைத்தான் ஸ்டார்ட்டர்னு அறிவிச்சாங்க. இடம் கொடுக்கலைன்னு எப்படிச் சொல்றீங்க? முதல் ஆட்டம் சிகாகோவில், மைதானம் குளமா இருந்துச்சு. 28க்கு 13, 19-10 தோல்வி. அந்த மழையில யார் எறிஞ்சாலும் அப்படித்தான். இரண்டாவது ஆட்டம் சியாட்டில், முதல் கால்பகுதியிலேயே வலது கணுக்கால் முறிஞ்சுது. ஐந்து கால்பகுதி ஆட்டத்தை வச்சு ஒருத்தரை எடை போடவும் முடியாது, திட்டத்தை எடை போடவும் முடியாது.

அப்புறம் நடந்தது யாரும் எழுதி வச்ச திட்டம் இல்ல. டிசம்பர்ல மயாமியோட ஆட்டத்தில கராப்பலோவுக்குக் கால் முறிவு, 2022 டிராஃப்ட்டோட 262ஆவது, கடைசி ஆள் ப்ராக் பர்டி உள்ள வந்தாரு. அவர் சாதாரணமா ஆடியிருந்தா 2023இல் லான்ஸுக்கு மறுபடி கதவு திறந்திருக்கும். பர்டி ஆடின ஆட்டம்தான் அந்தக் கதவை மூடுச்சு.

பின்கால் ஊன்றி

மழையைப் பற்றிச் சொன்னது நியாயம். சிகாகோ ஆட்டத்தை வைத்து எதையும் நிரூபிக்க முடியாது.

ஆனால் காயம் எப்படி வந்தது என்று பாருங்கள். அது பாக்கெட்டில் (லைனின் காப்புக்குள்) நின்றபோது விழுந்த அடி அல்ல. குவார்ட்டர்பேக் ஓடுவதற்கென்றே அழைத்த ஆட்டத்தில், நடுவே புகுந்தபோது வந்தது. 2021இல் அரிசோனாவோடு முதல் ஸ்டார்ட்: 29 எறிதல், 16 ஓட்டம். சிகாகோ: 28 எறிதல், 13 ஓட்டம். இரண்டு எறிதலுக்கு ஓர் ஓட்டம் என்ற விகிதம். அரிசோனா ஆட்டம் முடிந்தும் முழங்காலில் சுளுக்கு.

பாஸ் ஆட்டத்தில் நம்பிக்கை வராத இளம் குவார்ட்டர்பேக்கை வைத்துக்கொண்டு ஜெயிக்க வேண்டிய பயிற்சியாளர் செய்வது இதைத்தான். படிக்க வேண்டிய ஆட்டங்களைக் குறைப்பார், காலை உபயோகிப்பார். அடி வாங்கும் எண்ணிக்கை ஏறும். எந்த ஆட்டத்தில் முறியும் என்பது தற்செயல். ஆனால் சீட்டு எத்தனை முறை குலுக்கப்படுகிறது என்பது அழைப்பவர் கையில் இருக்கிறது.

பர்டி விஷயம் என் பக்கத்துக்கே வலு சேர்க்கிறது. அயோவா ஸ்டேட்டில் 46 ஸ்டார்ட், 1,400க்கு மேல் எறிதல். கை வலிமையில் லான்ஸ் பல படி மேல். ஆனால் பின்கால் ஊன்றும்போது பந்து கிளம்ப வேண்டும் என்ற விஷயத்தில் பர்டி வரும்போதே பழகியவராக வந்தார். ஷானஹன் ஆட்டம் கேட்பது அதைத்தான்.

கேப் கணக்கன்

இடையில் ஒரு திருத்தம். "2022இல் இடம் கொடுத்தார்கள்" என்பது முழு உண்மை அல்ல. கராப்பலோவை அந்த வசந்த காலத்தில் விற்க நினைத்தார்கள். அவருக்கு மார்ச்சில் தோளில் அறுவைச் சிகிச்சை, அதனால் வாங்க ஆள் வரவில்லை. சீசன் தொடங்கும் முன் 2.42 கோடி அடிப்படைச் சம்பளத்தை 65 லட்சம் உத்தரவாதமாகக் குறைத்து, அதற்கு மேல் ஆடினால் கிடைக்கும் ஊக்கத்தொகையைச் சேர்த்து அவரையே பேக்கப்பாக வைத்துக்கொண்டார்கள். கேன்சஸ் சிட்டி செய்தது நேர் எதிர். 2018 ஜனவரியிலேயே ஸ்மித்தை வாஷிங்டனுக்கு விற்க ஒப்புக்கொண்டது, அதுவும் அவர் 2017இல் லீக்கிலேயே அதிகமான பாசர் ரேட்டிங் (எறிதல் திறனுக்கான மதிப்பெண்) எடுத்த கையோடு. மஹோம்ஸுக்குப் பின்னால் திரும்பிப் பார்க்க யாரும் இல்லை.

அதற்காகக் கராப்பலோவை வைத்துக்கொண்டது தப்பு என்று சொல்லவில்லை. அவர் இல்லாவிட்டால் 2022 செப்டம்பரிலேயே சீசன் முடிந்திருக்கும். பந்தயத்தில் நம்பிக்கை எவ்வளவு இருந்தது என்பதற்கு அது ஒரு அளவுகோல், அவ்வளவுதான்.

நாலாவது டவுன்

அருமை. எனக்கு இன்னும் இரண்டு சந்தேகம். ஒன்று, உட்கார வைத்து மெதுவாகப் பழக்குவதுதான் நல்லது என்றால் எல்லா அணியும் கிரீன் பே மாதிரி மூன்று ஆண்டு வைக்கலாமே? இரண்டு, அடுத்த முறை ஓர் அணி இப்படிப் பந்தயம் வைத்தால், ஆகஸ்ட் மாத முன்சீசன் ஆட்டங்களில் ஸ்கோரைத் தவிர எதைப் பார்க்க வேண்டும்?

கேப் கணக்கன்

முதல் சந்தேகத்துக்கு: ஐந்தாம் ஆண்டு விருப்பம். முதல் ரவுண்டில் எடுத்தவருக்கு ஐந்தாவது ஆண்டு ஒப்பந்தம் வேண்டுமா என்று அணி அவருடைய மூன்றாவது சீசன் முடிந்த மே மாதத் தொடக்கத்துக்குள் சொல்ல வேண்டும். சொன்னால் அந்தப் பணம் முழு உத்தரவாதம். லவ் விஷயத்தில் அது 2 கோடி டாலருக்குக் கொஞ்சம் மேல். 2023 மே வந்தபோது அவர் செய்திருந்தது ஒரே ஒரு ஸ்டார்ட், 2021இல் கேன்சஸ் சிட்டியில் 13-7 தோல்வி. ஆடிப் பார்க்காத ஆளுக்கு 2 கோடி உத்தரவாதம் கொடுப்பதா, விட்டுவிட்டு அவர் ஜொலித்தால் கையைப் பிசைவதா? கிரீன் பே மூன்றாவது வழி கண்டது. விருப்பத்தை விட்டுவிட்டு, 2024 வரை ஓராண்டு நீட்டிப்பு, 1.35 கோடி உத்தரவாதம், ஆடினால் 2.25 கோடி வரை. ஓராண்டு ஆடினார். 2024 ஜூலையில் நாலாண்டுக்கு 22 கோடி.

ஆக மூன்று ஆண்டு பெஞ்ச் என்றால் மலிவான ஆண்டுகளில் உங்களுக்குக் கிடைப்பது ஒன்றோ ஒன்றரையோ. ராட்ஜர்ஸ் 2020, 2021 இரண்டிலும் எம்.வி.பி. வாங்கிக்கொண்டிருந்ததால் கிரீன் பேக்கு வலிக்கவில்லை. முன்னால் அப்படி ஒருவர் இல்லாத அணி அந்தக் கணக்கைப் போடக்கூடாது.

நைனர்ஸுக்கு மலிவான குவார்ட்டர்பேக் லாபம் கொல்லை வழியாக வந்தது என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். பர்டிக்கு 2023இல் 10 லட்சத்துக்கும் குறைவு. அந்த ஆண்டுதான் நிக் போசாவுக்கு ஐந்தாண்டு 17 கோடி, ஜாவோன் ஹார்கிரேவுக்கு நாலாண்டு 8.4 கோடி என்று தற்காப்பில் கொட்ட முடிந்தது. லான்ஸுக்கென்று போட்ட திட்டத்தை வேறொருவர் நிறைவேற்றினார்.

பின்கால் ஊன்றி

இரண்டாவது சந்தேகத்துக்கு. முன்சீசனில் நிறைவு சதவீதத்தைப் பார்க்காதீர்கள். எதிரே நிற்பவர்களில் பாதிப் பேர் இரண்டு வாரத்தில் வேலை இழக்கப்போகிறவர்கள்.

முதலில் யாரோடு ஆடுகிறார் என்று பாருங்கள். முதல் வரிசை லைனும் ரிசீவர்களும் களத்தில் இருக்கும்போது அவருக்கு எத்தனை முறை பந்து கிடைத்தது? இரண்டாம் பாதியில் மட்டும் விடுகிறார்கள் என்றால் அணி அவரை ஸ்டார்ட்டராக நினைக்கவில்லை.

அடுத்து கடிகாரம். 40 நொடிக் கடிகாரத்தில் 15 நொடி மிச்சமிருக்கும்போது பயிற்சியாளர் பேசும் ஹெல்மெட் வானொலி அணைந்துவிடும். அதற்குள் ஆட்டத்தின் நீண்ட பெயரைக் கேட்டு, ஹடிலில் (கூடி நிற்கும் அணியிடம்) சொல்லி, லைனுக்கு வர வேண்டும். 6, 7 நொடி இருக்கும்போதுதான் லைனில் நிற்கிறார் என்றால் தற்காப்பைப் படிக்கவோ அழைப்பை மாற்றவோ நேரமே இல்லை. வீணாகும் டைம்அவுட்டுகளையும் தாமத அபராதங்களையும் எண்ணினாலே அணி எந்த நிலையில் இருக்கிறது என்று தெரிந்துவிடும்.

பிறகு பந்து கிளம்பும் நேரம். ரிசீவர் திரும்புவதற்கு முன் கிளம்பியதா, திரும்பியதைப் பார்த்த பிறகா? டிவியில் குறுகிய காட்சியில் ரிசீவர் தெரிய மாட்டார். அதனால் காலைப் பாருங்கள். பின்கால் ஊன்றிய பிறகு ஒரு சின்னக் குதி, அது சரி. இரண்டு, மூன்று குதி என்றால் முதல் ஆள் கைவிட்டுப் போய்விட்டார், அடுத்த ஆள் எங்கே என்று தேடுகிறார். மூன்றாவது டவுனுக்கு 7 யார்டுக்கு மேல் தேவைப்படும்போது இதைப் பாருங்கள். மற்ற நேரத்தில் பயிற்சியாளர் அவரை மறைத்துவிட முடியும், அங்கே முடியாது.

கடைசியாக ஓட்ட அழைப்பு. தப்பிக்க ஓடுவது வேறு, ஓடச் சொல்லி அனுப்புவது வேறு. முதல் இரண்டு மூன்று சீசன் ஆட்டங்களில் அனுப்பி ஓடவிடுவது ஆட்டத்துக்கு ஆறு ஏழைத் தாண்டினால் பாஸ் ஆட்டத்தில் என்ன குறைகிறது என்று உடனே தேடுங்கள்.

மழை நாள் ஆட்டம்

இதோட பேக்கப் யாருன்னும் பாருங்க. 2023 ஜனவரி என்.எஃப்.சி. இறுதியில ஃபிலடெல்ஃபியாவோட பர்டிக்கு முழங்கை போச்சு, நாலாவது ஆளா வந்த ஜாஷ் ஜான்சனுக்குத் தலையில அடி, எறிய முடியாத பர்டியே திரும்ப வந்து நின்னாரு. 31-7. அந்த ஆட்டத்துக்கு அப்புறம்தான் ஆட்ட நாள் பட்டியலுக்கு வெளியே மூணாவது குவார்ட்டர்பேக்கை அவசரத்துக்கு வச்சுக்கலாம்னு லீக் விதியே மாத்துச்சு. முதலாவது ஆளைப் பத்தி இவ்வளவு பேசுறோம், மூணாவது ஆளோட பேரை முன்சீசன்ல யாரும் குறிச்சு வைக்கிறதில்ல.